உம்மும்மா சொன்ன 'கிதாபு' பிழையா?

ஒரு ரமழான் மாதம். அக்குறணையில் எங்கள் உம்மும்மாவின் வீட்டில் நோன்பு திறக்க உறவினர் பலர் கூடியிருந்தோம். கஞ்சிக் கோப்பைகளை எடுத்து வைத்துவிட்டு உம்மும்மா இரண்டு கைகளையும் ஏந்தி, "யா அல்லாஹ், இந்தப் புள்ளயள்ட படிப்புல, சாப்பாட்டுல பரக்கத்து செய்வாயாக" என்று துஆக் கேட்டார். நான் அப்போதுதான் சாதாரண தரப் பரீட்சையில் அறபுப் பாடத்தை நன்றாக எழுதி முடித்திருந்தேன். தெரிந்ததைக் காட்டும் ஆசை.

"பரக்கத்து இல்ல உம்மும்மா, பரகா. கிதாபு இல்ல, கிதாப். மவுத்து இல்ல, மவ்த்" என்றேன்.

மச்சிமார் சிரித்தார்கள். உம்மும்மாவும் சிரித்தார். "எங்களுக்கு ஓதித் தந்த லெப்பை அப்பிடித்தான் மகள் சென்னார்" என்று சொல்லி முந்தானையைச் சரிசெய்துகொண்டு உள்ளே போய்விட்டார்.

அதற்கு முன்பு நான் அங்கே தங்கும் இரவுகளில் உம்மும்மா என் தலையில் கைவைத்துச் சத்தமாக ஓதுவார். அந்த இரவுக்குப் பிறகும் கை வைத்தார். உதடுகள் மட்டும் அசைந்தன, சத்தம் வரவில்லை. நான் திருத்தியது ஒரு சொல்லை. நின்றுபோனது ஒரு குரல். இதை விளங்கிக்கொள்ள எனக்கு ஒரு வருடத்துக்கு மேல் எடுத்தது. விளங்கவைத்தது எங்கள் வகுப்பு மேடையேற்றிய ஒரு சிறு நாடகமும், அந்த நாடகத்துக்காக நாங்கள் உருவாக்கிய ஒரு பொய் மொழியும்தான்.

தமிழ் இலக்கிய மன்றத்தின் ஆண்டிறுதி நிகழ்ச்சிக்கு நாடகம் ஒன்று எழுதினோம். கப்பல் உடைந்து யாரும் அறியாத ஒரு தீவில் கரையொதுங்கும் அஸ்லம் என்ற வியாபாரியின் கதை. தீவு மக்களுக்குத் தமிழ் தெரியாது. அவர்களுக்கென்று ஒரு மொழி வேண்டும். அந்தப் பொறுப்பு எனக்கு வந்தது. அரை மணி நேரத்தில் 'ஸ்க்ராத்', 'ம்ப்ளெக்', 'க்ட்ரூம்' என்று முப்பது சொற்களை எழுதிக் கொடுத்துவிட்டேன். ஒத்திகையில் ஒருவராலும் அவற்றை மனப்பாடம் செய்ய முடியவில்லை. ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரி உச்சரித்தார்கள். பார்த்துக்கொண்டிருந்த தமிழ் ஆசிரியை சொன்னார்: "பிள்ளை, இது மொழி இல்ல, வெறும் சத்தம். உங்கட தீவுக்காரர் எந்த எழுத்தில சொல்லத் தொடங்குவாங்க, எதில முடிப்பாங்க, எது எதோட சேரும் என்று முதல்ல முடிவு செய்யுங்க. சொல் பிறகு தானா வரும்."

அந்த வாரம் கண்டி டி. எஸ். சேனாநாயக்க ஞாபகார்த்த நூலகத்தில் உட்கார்ந்து, மொழிகளைப் புதிதாக உருவாக்கியவர்களைப் பற்றித் தேடி வாசித்தேன். 'லோர்ட் ஒஃப் த ரிங்ஸ்' கதைகளை எழுதிய ஜே. ஆர். ஆர். டோல்கின் தன் கதைமாந்தருக்காக 'குவென்யா' என்ற மொழியை ஆக்கினார். பின்லாந்து மொழியின் ஒலியில் மயங்கி அதன் சாயலில் செய்ததாம். அந்த மொழியில் சொல்லின் தொடக்கத்தில் மெய்கள் அடுக்கி வருவதில்லை. இறுதியில் உயிர் வரும்; மெய் வந்தால் ன், ர், ல், ஸ், த் போன்ற சிலவே வரும். அதனால்தான் அதில் எந்தச் சொல்லைக் கேட்டாலும் ஒரே குடும்பத்துப் பிள்ளை போல ஒலிக்கிறது.

1887இல் வார்சோவில் ஸமென்ஹோஃப் என்ற கண் வைத்தியர் வெளியிட்ட எஸ்பெராந்தோ வேறு மாதிரி. உலகத்தார் எல்லோரும் இலகுவாகக் கற்கவேண்டும் என்பதே அவருடைய நோக்கம். ஆனால் அதில் 'அறிதல்' என்பதற்கான சொல்லே 'ஸ்', 'ட்ஸ்' என்று இரண்டு மெய்யொலிகள் அடுக்கித் தொடங்குகிறது. ஐரோப்பியரின் வாய்க்கு அது பெரிய விடயமல்ல. நம் வாய்க்கு அது என் 'ஸ்க்ராத்' போலத்தான்.

கனடாவைச் சேர்ந்த சோன்யா லாங் 2001இல் வெளியிட்ட 'டோக்கி போனா' எனக்கு மிகவும் பிடித்தது. ஏறத்தாழ 120 சொற்கள், பதினான்கே எழுத்துக்கள். ஓர் அசையில் ஓர் உயிர் இருக்கும். அதற்கு முன்னால் ஒரு மெய் வரலாம். பின்னால் 'ன்' மட்டும் வரலாம். 'டி' என்ற ஒலிச்சேர்க்கை அறவே கூடாது. அதற்குப் பதில் 'சி' வரும். 'ஃப' கிடையாது, 'ட' வின் மெல்லிய வடிவமும் கிடையாது. இந்த விதிகளின்படி நம் 'லங்கா' எந்த மாற்றமும் இல்லாமல் அந்த மொழிக்குள் போகிறது. அதற்கு முன்னால் உள்ள 'ஸ்ரீ' வாசலில் நின்றுவிடுகிறது. 'கண்டி' உள்ளே போனால் 'கன்சி'. எங்கள் வகுப்பில் பாதிப் பேருடைய பெயரில் உள்ள 'பாத்திமா' போனால் 'பாசிமா'. இதைச் சொன்னபோது வகுப்பே சிரித்தது. யாருக்கும் கோபம் வரவில்லை. அந்த மொழியின் விதி அப்படி என்று எல்லோருக்கும் உடனே விளங்கியது.

பிறகு நாங்கள் எங்கள் தீவு மொழிக்கு விதி எழுதினோம். மெய்கள் அடுக்கி வராது. சொல் உயிரில் முடியும். அல்லது ன், ர், ல் ஆகிய மூன்றில் முடியும். உயிரும் உயிரும் சந்தித்தால் நடுவில் 'ல்' வரும், தமிழில் 'ய்', 'வ்' உடம்படுமெய்யாக வருவது போல. கடல் 'மிரோல்' ஆயிற்று. வீடு 'தெகானி'. நண்பன் 'ஒலேன்'. வீட்டு நண்பன் என்றால் 'தெகானிலொலேன்'. இரண்டு நாளில் எல்லோரும் மனப்பாடம் செய்துவிட்டார்கள். நான் எழுதாத சொற்களைக்கூட அவர்களே உண்டாக்கிப் பேசத் தொடங்கினார்கள். அவையும் அந்த மொழியின் சொற்கள் போலவே இருந்தன.

அப்போது ஒரு கேள்வி வந்தது. தீவு மக்கள் அஸ்லமை எப்படிக் கூப்பிடுவார்கள்? 'ஸ்ல' என்று மெய் அடுக்க முடியாது. 'ம்' இல் சொல் முடியவும் கூடாது. விதிப்படி செய்தால் 'அசலன்' என்று வந்தது. மேடையில் முதன்முறை அவர்கள் "அசலன்" என்று கூப்பிட்டபோது மண்டபமே சிரித்தது. கடைசிக் காட்சியில் அவன் கப்பலேறிப் போகும்போது தீவுக் கிழவி கரையில் நின்று "அசலன், அசலன்" என்று கூப்பிடுகிறாள். அப்போது யாரும் சிரிக்கவில்லை. தாய்மார் சிலர் கண்ணைத் துடைத்தார்கள். அது பிழையாகச் சொன்ன பெயர் என்று அப்போது எவருக்கும் தோன்றவில்லை.

எனக்கு மட்டும் உம்மும்மாவின் முகம் ஞாபகத்துக்கு வந்தது.

அடுத்த தவணையில் நன்னூல் எழுத்ததிகாரம் படித்தோம். பவணந்தி முனிவர் சொல்லின் முதலில் வரும் எழுத்து எவை, இறுதியில் வரும் எழுத்து எவை, நடுவில் எது எதனோடு மயங்கும் என்று வரிசையாகச் சொல்கிறார். எங்கள் தமிழ் ஆசிரியை நாடகத்துக்காக என்னிடம் கேட்ட அதே மூன்று கேள்விகள்! பரீட்சைக்காக மனப்பாடம் செய்யும் பகுதி என்று நாம் நினைக்கும் அந்தச் சூத்திரங்கள், ஒரு மொழிக்கு அதன் முகத்தைக் கொடுக்கும் விதிகள்.

சொல்லின் இறுதியில் உயிரெழுத்துக்கள் வரும். மெய்களில் ஞ், ண், ந், ம், ன், ய், ர், ல், வ், ழ், ள் என்ற பதினொன்று வரும். க், ச், ட், த், ப், ற் என்ற வல்லின மெய் ஆறும் இறுதியில் நிற்கா. அவை இறுதிக்கு வரவேண்டுமானால் ஓர் உகரத்தின் துணையோடுதான் வரும்: நாடு, எழுத்து, மார்பு, காற்று. அந்த உகரமும் முழு உகரமல்ல. அரை மாத்திரை அளவே ஒலிக்கும் குற்றியலுகரம்.

அன்று பாடம் முடிந்ததும் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் உம்மும்மா பேசும் அறபுச் சொற்களை எழுதிப் பார்த்தேன். ஒரு பக்கம் உகரம் சேர்த்துச் சொல்பவை: கிதாபு, நஸீபு, மவ்லூது, பரக்கத்து, மவுத்து, வக்து. மறுபக்கம் உகரம் சேர்க்காமல் சொல்பவை: ஸலாம், ஹராம், ஈமான், குர்ஆன், ஷைத்தான், ஹலால். முதல் பட்டியலில் அறபுச் சொல் ஒவ்வொன்றும் வல்லின ஒலியில் முடிகிறது. இரண்டாவது பட்டியலில் ம், ன், ல். உம்மும்மா ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். நன்னூல் என்ற பெயரைக்கூடக் கேள்விப்பட்டிருக்க மாட்டார். ஆனால் 'ஸலாமு' என்றோ 'ஈமானு' என்றோ அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. 'கிதாப்' என்றும் சொன்னதில்லை. எங்கே உகரம் வேண்டும், எங்கே வேண்டாம் என்று அவருடைய நாவுக்குத் தெரியும். 'கிதாபு' வின் கடைசி உகரம் 'மார்பு' வின் கடைசி உகரமேதான்.

'பரக்கத்து' என்பதில் ககரம் இரட்டிப்பதும் காரணத்தோடுதான். தமிழில் இரண்டு உயிர்களுக்கு நடுவே தனித்து நிற்கும் வல்லினம் மெலிந்துவிடும். 'பகல்' என்பதில் உள்ள ககரத்தையும் 'பக்கம்' என்பதில் உள்ள ககரத்தையும் சொல்லிப் பாருங்கள். அறபின் வலிய ககரத்தைக் காப்பாற்ற வேண்டுமானால் தமிழில் அதை இரட்டிக்க வேண்டும். 'பாத்திமா' என்று நாம் தகரத்தை இரட்டித்து எழுதுவதும் இதற்காகத்தான். 'பாதிமா' என்று எழுதினால் தமிழ் வாசிப்பவர் மெலிந்த தகரமாக வாசிப்பார். அந்தப் பெயரின் நடுவில் உள்ள அழுத்தமான ஒலி போய்விடும். 'பக்ர்' என்பதில் இரு மெய்கள் இறுதியில் அடுக்கியிருக்கின்றன. க், ச், த், ப் நான்கும் தமிழில் தம்மோடு தாமே சேரும், பிறவற்றோடு சேரா என்பது இலக்கணம். பக்தி 'பத்தி' என்றும், சக்தி 'சத்தி' என்றும் ஆனது அதனால்தான். எனவே 'பக்ர்' தமிழில் 'பக்கர்' ஆகி, அபூபக்கர் என்று வந்தது. 'மவ்த்' என்ற ஒரே சொல்லுக்கு உம்மும்மா மூன்று வேலை செய்கிறார்: நடுவில் ஓர் உகரம் நுழைக்கிறார், தகரத்தை இரட்டிக்கிறார், கடைசியில் குற்றியலுகரம் சேர்க்கிறார். மவுத்து. நான் 'பிழை' என்று சொன்ன சொல்லில் மூன்று விதிகள் ஒழுங்காக வேலை செய்திருக்கின்றன.

இது தமிழின் குறைபாடு, அறபின் தூய்மையைத் தமிழ் தாங்கவில்லை என்று சிலர் சொல்லக்கூடும். அவர்களுக்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். கிரேக்கத் தத்துவஞானி பிளேட்டோவை அறபிகள் எப்படி அழைக்கிறார்கள்? அஃப்லாத்தூன். அறபில் 'ப' என்ற வல்லொலி இல்லை, எனவே 'ஃப'. சொல்லின் தொடக்கத்தில் இரு மெய்கள் அடுக்கக்கூடாது. எனவே முன்னால் ஓர் அகரம். நம் தீவைப் பழைய அறபுப் பயணிகள் 'ஸரந்தீப்' என்றார்கள். சிங்களத்தீவு என்ற பொருளுடைய பழைய பெயர் அவர்களுடைய நாவில் அப்படி உருமாறியது என்று அறிஞர் சொல்வர். அந்தப் பெயரை நாம் அவமானமாக நினைக்கவில்லை, பெருமையோடு சொல்கிறோம். அறபு நம்மிடமிருந்து எடுத்ததைத் தன் விதிப்படி மாற்றலாம் என்றால், தமிழ் அறபிடமிருந்து எடுத்ததைத் தன் விதிப்படி மாற்றுவதில் என்ன குற்றம்?

தூரப் போகவும் தேவையில்லை. நாம் வாழும் நகரத்தின் பெயரையே எடுத்துக்கொள்வோம். 'கந்த உட ரட', அதாவது மலைமேலுள்ள நாடு என்ற சிங்களத் தொடரின் முதற்சொல்லை மட்டும் பிடித்துப் போர்த்துக்கேயர் 'கந்தேயா' என்றார்கள். ஆங்கிலேயர் அதைத் தங்கள் வாய்க்கு ஏற்றபடி சுருக்கினார்கள். தமிழில் அது கண்டி. சிங்களவர்கள் இந்த நகரைச் சொல்வது மஹநுவர என்று. 1867இல் ரயில் கண்டிக்கு வந்தபோது 'ஸ்டேஷன்' என்ற சொல்லும் கூடவே வந்தது. நம் பெரியவர்கள் 'இஸ்டேசன்' என்றார்கள். சிங்கள அயலவர்கள் 'இஸ்டேசம' என்றார்கள். மெய் அடுக்கின் முன்னால் ஓர் இகரத்தை வைத்து இரண்டு மொழிகளும் அந்தச் சொல்லை ஒரே மாதிரி உள்ளே அழைத்திருக்கின்றன.

நம் முன்னோர் இதை நன்றாக விளங்கியிருந்தார்கள். சீறாப்புராணம் பாடிய புலவரை நாம் உமறுப் புலவர் என்றே சொல்கிறோம். உமர் என்ற பெயர் அங்கே றகரம் பெற்று, இறுதியில் நிற்க முடியாத அந்த றகரத்துக்குத் துணையாக உகரமும் பெற்று 'உமறு' ஆகியிருக்கிறது. கண்டியில் 1838இல் பிறந்த அறிஞர் சித்தி லெப்பையைப் பாருங்கள். 1882இல் அவர் தொடங்கிய பத்திரிகைக்கு 'முஸ்லிம் நேசன்' என்று பெயர் வைத்தார். அதில் 'ஸ்' இருக்கிறது. 1885இல் அவர் எழுதிய நாவல், தமிழின் மிக ஆரம்பகால நாவல்களில் ஒன்று, 'அசன்பேயுடைய கதை'. ஹஸன் அங்கே அசன் ஆகிறான். ஹகரமும் இல்லை, ஸகரமும் இல்லை. மூன்றே வருட இடைவெளியில் ஒரே மனிதர் ஒரு சொல்லை அறபொலியோடும் இன்னொன்றைத் தமிழொலியோடும் எழுதினார். எது எங்கே பொருந்தும் என்று பார்த்து எழுதினார். அவருடைய மார்க்க அறிவையோ தமிழறிவையோ அதனால் யாரும் குறைத்துச் சொல்லவில்லை.

இன்னொரு வழியும் நம்மவர்கள் கண்டிருந்தார்கள். அறபெழுத்தில் தமிழை எழுதும் அறபுத்தமிழ் அது. அறபில் இல்லாத தமிழ் ஒலிகளுக்காக அறபெழுத்துக்களில் புள்ளிகளும் குறிகளும் கூட்டிப் புதிய எழுத்துக்களை ஆக்கினார்கள். எகர, ஒகர உயிர்களுக்கும் குறி செய்தார்கள். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் போன்ற பெரியவர்கள் அதில் நூல்கள் எழுதினார்கள். தமிழெழுத்து வாசிக்கத் தெரியாத பெண்கள் பலர் அறபுத்தமிழ் வாசித்தார்கள். தமிழை அறபெழுத்து தாங்கவேண்டும் என்பதற்காக அந்த எழுத்தையே விரித்துக் கொடுத்தவர்களுடைய பேரப்பிள்ளைகள் நாங்கள். இன்று ஒரு கிழவியின் நாவில் ஓர் உகரம் கூடிவிட்டது என்று சிரிக்கிறோம்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லவேண்டும். குர்ஆன் ஓதும்போது தஜ்வீத் விதிகளைப் பேணவேண்டும். எழுத்துக்களை அவற்றின் மஹ்ரஜிலிருந்து உச்சரிக்கப் பழகவேண்டும். அதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இருக்க முடியாது. ஓதுவது அறபு. அங்கே அறபின் ஒலி விதிதான் சட்டம். ஆனால் "புள்ளட படிப்புல பரக்கத்து செய்வாயாக" என்பது தமிழ் வாக்கியம். அதில் வரும் 'பரக்கத்து' நூற்றாண்டுகளுக்கு முன்பே தமிழ்ச் சொல்லாகிவிட்டது. தமிழ் வாக்கியத்துக்குள் தமிழின் விதி நடக்கிறது. நான் செய்த தவறு இதுதான்: ஒரு மொழியின் சட்டப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு இன்னொரு மொழி பேசியவரை விசாரித்தேன். உம்மும்மாவுக்குச் சரியான ஓதலைக் கற்றுக்கொடுக்க எனக்கு ஆசையிருந்தால், தனியே, முஸ்ஹபை விரித்து வைத்துக்கொண்டு, பணிவோடு செய்திருக்கலாம். கஞ்சிக் கோப்பைக்கு முன்னால், பத்துப் பேர் பார்க்கச் செய்திருக்கக்கூடாது.

மறுபக்கத்தில் இன்னொரு பிடிவாதமும் உண்டு. ஸ, ஹ, ஜ என்ற எழுத்துக்களே கூடாது, இஸ்லாத்தை 'இசுலாம்' என்றும் ஹஜ்ஜை 'அச்சு' என்றும்தான் எழுதவேண்டும் என்பது அது. அதிலும் எனக்கு உடன்பாடு இல்லை. விதிகள் உயிருள்ளவை, அவை வளர்கின்றன. சகரம் அ, ஐ, ஔ என்ற மூன்று உயிர்களோடு சேர்ந்து சொல்லுக்கு முதலில் வராது என்று தொல்காப்பியம் சொல்கிறது. பிற்காலத்து நன்னூல் அந்தத் தடையைச் சொல்லவில்லை. நாங்கள் சனிக்கிழமை கண்டிச் 'சந்தை'க்குப் போய்ச் 'சட்டி' வாங்கும்போது தொல்காப்பியர் அனுமதிக்காத இரண்டு சொற்களைச் சொல்லிவிட்டுத்தான் வருகிறோம். தமிழின் வாய் விரிந்திருக்கிறது. நம் நாவு ஹகரத்தையும் ஸகரத்தையும் பழகிவிட்டது. பழகிய ஒலியை வேண்டுமென்று மறக்கத் தேவையில்லை. பழகாத ஒலியை வேண்டுமென்று திணிக்கவும் தேவையில்லை.

இதற்கு அழகான சாட்சி நம் வீட்டிலேயே இருக்கிறது. அறபு மொழிக்கு 'ழாத்' எழுத்தின் மொழி என்று ஒரு பெயர் உண்டு. அந்த ஒலி தங்களுக்கே உரியது என்று அறபிகள் பெருமைப்படுவார்கள். தமிழர்கள் பெருமைப்படும் எழுத்து ழகரம். இலங்கை முஸ்லிம்களாகிய நாம் அந்த அறபு எழுத்துக்கு இந்தத் தமிழ் எழுத்தைத் தேர்ந்தெடுத்தோம். ரமழான், வுழூ. இரண்டு ஒலியும் ஒன்றல்ல என்று நமக்குத் தெரியும். ஆனாலும் ஒரு மொழியின் பெருமைக்குரிய எழுத்தை இன்னொரு மொழியின் பெருமைக்குரிய எழுத்தின் ஆசனத்தில் வைத்து எழுதுகிறோம். இதைச் செய்தவர் யார் என்று ஒரு பெயரைச் சொல்ல முடியாது. நம் சமூகத்தின் நாவும் பேனாவும் சேர்ந்து செய்த வேலை அது.

தோழியரே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் பேசும் அறபுச் சொற்கள் இருபதை எழுதிப் பாருங்கள். கடைசி எழுத்தைப் பாருங்கள், இரட்டிக்கும் எழுத்தைப் பாருங்கள். விதிக்கு அடங்காத சொற்களும் கிடைக்கும்; அவற்றையும் எழுதுங்கள். 'ஸபுர்', 'கபுர்' என்று நடுவில் உயிர் நுழைவது ஏன், 'பஜ்ரு' என்று கடைசியில் சேர்வது ஏன் என்று எனக்கும் இன்னும் முழுதாக விளங்கவில்லை. இலக்கிய மன்றத்தில் சேர்ந்து பேசுவோம். முடிந்தால் கீழ் வகுப்புத் தங்கைகளுக்கு ஒரு பொய் மொழியை உருவாக்கச் சொல்லிக் கொடுங்கள். நன்னூலின் முதல் நிலை, இறுதி நிலை, மெய்ம்மயக்கம் எல்லாம் ஒரே பின்னேரத்தில் விளங்கிவிடும்.

பெற்றோரே, உங்களிடமும் ஒன்று. பிள்ளையின் பெயரை எப்படி எழுதுவது என்று பிறப்புச் சான்றிதழ் எடுக்கும் நாளில் ஒரு முடிவு செய்து, எல்லா இடத்திலும் அதையே எழுதுங்கள். என் பெயர் ஒரு பத்திரத்தில் 'பாதிமா', இன்னொன்றில் 'பாத்திமா', மூன்றாவதில் 'பாத்திமாஹ்'. மூவரும் ஒருவரே என்று நிரூபிக்க வாப்பா ஒரு கிழமை வேலையை விட்டு அலைந்தார். பேச்சில் ஒரு பெயர் எத்தனை விதமாகவும் ஒலிக்கலாம். பத்திரத்துக்கு ஒரு வடிவம் போதும். பிள்ளைகள் பெரியவர்களின் உச்சரிப்பைப் பார்த்துச் சிரிக்கும்போது நீங்களும் சேர்ந்து சிரிக்காதீர்கள். அன்று ஒருவராவது "மகள், அது உம்மும்மாட தமிழ்" என்று சொல்லியிருந்தால் நான் அங்கேயே நின்றிருப்பேன்.

போன விடுமுறையில் அக்குறணைக்குப் போனேன். இரவு உம்மும்மாவின் அருகில் படுத்துக்கொண்டு குற்றியலுகரத்தைப் பற்றிச் சொன்னேன். 'கிதாபு' சரிதான், அதற்கு எழுநூறு வருடங்களுக்கு மேற்பட்ட புத்தகத்தில் விதி இருக்கிறது என்றேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப எங்கட லெப்பை சரியாத்தான் சென்னீக்கார்" என்றார். தன்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, ஓதிக்கொடுத்தவரைத்தான் நினைத்தார். "சத்தமா ஓதுங்க உம்மும்மா" என்றேன். "பிழ ஈந்தா சிரிப்பீங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். தலையில் கையை வைத்தார். பரக்கத்து என்ற சொல்லை இரண்டு ககரத்தோடும் கடைசி உகரத்தோடும் மறுபடியும் கேட்டேன்.

- உயர்தரம், கலைப்பிரிவு மாணவி